மெமரி ஐசியைக் கழற்றுவதற்கு முன்

கீரனூர் போன்ற ஊர்களில் பிக்சர் டியூப் டிவி இன்னும் ரிப்பேருக்கு வருகிறது. கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கும். சிவப்பு விளக்கு எரியும், ரிமோட்டுக்கு அசையாது. "மெமரி ஐசி போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. பல நேரம் அந்தச் சிப் சாகவில்லை, பாதிப் பேச்சில் நிற்கிறது.

டிவிக்குள் சிப்புகள் பேசிக்கொள்ள பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி முறையில் இரண்டே கம்பிகள்: தகவலுக்கு எஸ்டிஏ, தாளத்துக்கு எஸ்சிஎல். இரண்டையும் ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். சிப்புகளால் கீழே இழுக்க மட்டுமே முடியும். பழைய பேருந்தின் மணிக்கயிறு மாதிரி, ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டால் வேறு யாரும் மணியடிக்க முடியாது.

மின்சாரம் தடுமாறும்போது நடப்பது இதுதான். வோல்டேஜ் சற்று இறங்கியதுமே டிவியை நடத்தும் கன்ட்ரோலர் சிப் ரீசெட் ஆகிவிடும். 24சி08 மெமரியோ அதைவிடக் குறைந்த வோல்டேஜிலும் உயிரோடிருக்கும். அந்நேரம் அது '0' ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தால், எஸ்டிஏவைக் கீழே இழுத்தபடி அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும். விழித்த கன்ட்ரோலர், கம்பி கீழே இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்று எண்ணிக் காத்திருக்கும். ஸ்விட்சை அணைத்து உடனே போட்டாலும் பயனில்லை. ஃபில்டர் கெபாசிட்டரில் மிஞ்சிய மின்சாரம் மெமரியைத் தூங்கவிடாது. பிளக்கைப் பிடுங்கி, மெமரியின் சப்ளைக் காலான 8ஆம் காலில் வோல்டேஜ் பூஜ்யமாகும்வரை பொறுத்து, பிறகு போட வேண்டும்.

அப்போதும் சரியாகவில்லையென்றால் மல்டிமீட்டர். கருப்பு முனை கோல்டு கிரவுண்டில் (மெயின்ஸிலிருந்து பிரிந்த தரை), சிவப்பு மெமரியின் எஸ்டிஏ காலான 5ஆம் காலில். 5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் கம்பி சுதந்திரமாக இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் யாரோ பிடித்திருக்கிறார்கள். 0.6 வோல்ட் பக்கம் நின்றால் பெரும்பாலும் சப்ளை வராத ஏதோவொரு சிப், தன் பாதுகாப்பு டையோடு வழியாகக் கம்பியை அமுக்குகிறது. அங்கே தேட வேண்டியது அறுந்த சப்ளையை.

உண்மையான மருந்து நிரல் எழுதுபவர் கையில் இருக்கிறது. கன்ட்ரோலர் விழித்ததும் எஸ்சிஎல்லில் 9 துடிப்புகள் கொடுத்தால் போதும். மெமரி மிச்ச பிட்டுகளை அனுப்பி முடித்து, ஒப்புதல் வாங்க வேண்டிய துடிப்பில் கம்பியை விட்டுவிடும். ஐ2சி விதிநூலே இதைச் சொல்கிறது. ஆர்டுயினோவில் கடிகாரச் சிப் இணைக்கும் மாணவர்களும் இந்தச் சில வரிகளை அவசியம் சேர்க்க வேண்டும்.

டிவி எதற்கும் அசையாவிட்டால் மெமரியின் 5ஆம் காலை மட்டும் சாலிடர் உருக்கித் தூக்குங்கள். கம்பி எழுந்தால் பிடித்திருந்தது மெமரிதான், அப்போது மாற்றலாம். புதியதில் பழைய அளவுகள் இருக்காது. படத்தின் உயரம், அகலம், நிறம் எல்லாவற்றையும் சர்வீஸ் மோடில் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.