வண்டி மாட்டின் சிராய்ப்பு: அறிதலும் ஆற்றுதலும்

வண்டி மாடு வைத்துப் பிழைக்கும் உறுப்பினருக்கு அம்மாடே முதல். அம்முதல் அழிவது பெருநோயால் மட்டுமன்று; நுகத்தடி உராய்ந்த சிறு சிராய்ப்பைக் கவனியாது விடுவதாலும் அழிகின்றது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் குறைந்துவிட்டன. எனினும் இன்றும் மாடு பூட்டி வண்டி ஓட்டுவோருக்கும், குதிரை வளர்ப்போருக்கும் பயன்படுமாறு சில செய்திகளை இங்கு விளக்குகின்றோம்.

முதலில், வழியும் இரத்தத்தைக் கொண்டு காயத்தை மதிப்பிடலாகாது. ஆழத்தையும் இடத்தையும் கொண்டே மதிப்பிடல் வேண்டும். மயிர் உதிர்ந்து, மேல்தோல் மட்டும் உரிந்து, சிவந்து ஈரம் கசியுமாயின் அது சிராய்ப்பு, வீட்டிலேயே ஆற்றலாம். தோல் முழுதும் கிழிந்து விளிம்புகள் விலகி நின்றால் தையல் தேவைப்படலாம். சில மணி நேரத்திற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஆணியோ முள்ளோ குத்திய காயத்தின் வாய் சிறிதாயினும் ஆழம் பெரிது. மூட்டின் மேலும் கண்ணருகிலும் ஏற்பட்ட காயங்களும் அவ்வாறே அஞ்சத்தக்கவை. இரணஜன்னி மாட்டைவிடக் குதிரையை மிக எளிதில் பற்றும். ஆகவே குதிரைக்குக் காயம் சிறிதாயினும் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டல் அவசியம்.

சிராய்ப்புக்குச் செய்யவேண்டியது எளிது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, மண்ணும் மயிரும் போகுமாறு மெல்லக் கழுவுக. பின்னர்ப் பொவிடோன் அயோடின் மருந்தை நீர் கலந்து தடவுக. புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றைப் புண்ணில் இடுதல் கூடாது; அவை புதிதாய் வளரும் சதையை எரித்து, ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஈயின் பகை பெரிது. புண்ணின் விளிம்பில் அது இடும் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுவாகிச் சதையைத் துளைக்கும். ஆதலின் காலையும் மாலையும் புண்ணைப் பார்த்தல் வேண்டும். துர்நாற்றம், வீக்கம், சூடு, சீழ், புழு இவற்றுள் ஒன்று தோன்றினும், மாடு தீனி மறுத்தாலும், தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உள்ளது. மனிதருக்குரிய வலி மருந்துகளைத் தாமே வாங்கிச் செலுத்துதல் ஆகாது. கழுகினத்தை அழித்த டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006-ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது.

மருந்தினும் மேலானது ஓய்வு. கழுத்துப் புண்ணின்மேல் சாக்குத் துண்டைச் சுற்றி மறுநாளே வண்டி பூட்டுவோர் உளர். கூலி இழக்க மனமில்லாமையே இதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆறாத தோல் மீண்டும் உராய்ந்தால் தடித்துக் கட்டியாகும். சில நாட் கூலிக்கு அஞ்சியவர் பருவம் முழுதும் மாட்டை இழப்பர். புண்ணுற்று வேலைக்குத் தகுதியற்ற மாட்டை வேலை வாங்குதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். 1965-ஆம் ஆண்டின் விதிகள், நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரையும் வேலை வாங்கலாகாது என்கின்றன.

புண் வந்தபின் ஆற்றுவதினும் வாராமற் காப்பது நன்று. நுகத்தடியைக் கையால் தடவிச் சிம்பு இருப்பின் இழைத்துவிடுக. உயரம் ஒத்த மாடுகளையே இணையாகப் பூட்டுக. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தோல் ஊறி எளிதில் உரியும். ஆதலால் கழுத்தைத் துடைத்து உலர்த்திய பின்னரே நுகம் வைக்க வேண்டும். நாள்தோறும் மாட்டை அவிழ்த்தவுடன் கழுத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் ஒன்றிருந்தால், பெரும்பாலான புண்கள் சிராய்ப்பளவிலேயே நின்றுவிடும். உறுப்பினர்கள் இதனைத் தாமும் கைக்கொண்டு, வண்டி ஓட்டும் தம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்களாக.