பசுவின் பன்னிரு மாதத் தீவனம்

பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் மூணாறு மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கறவைப் பசுவே கைப்பொருள். 1963-இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம், நாட்டுப் பசுக்களைச் சுவிஸ் பழுப்பினக் காளைகளோடு கலந்து ‘சுனந்தினி’ என்னும் இனத்தை உருவாக்கியது. பால் பெருகிற்று, பசுவின் பசியும் உடன் பெருகிற்று. அப்பசியை ஆண்டு முழுதும் ஆற்றுவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

ஆனியில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வரப்பெங்கும் புல் தழைக்கும். இளம்புல்லில் நீரே மிகுதி. வயிறு நிறைந்தாலும் சத்து நிறையாது, சாணமும் இளகும். ஆதலின் புல்லோடு வைக்கோலும் சிறிது இடவேண்டும்.

பாலக்காட்டில் முதற்போக வைக்கோல் மழையில் நனைந்து பூசணம் பிடித்துவிடக்கூடும். தை, மாசியில் அறுக்கும் இரண்டாம் போகத்து வைக்கோலே போர் போடத் தக்கது. மூணாற்றிலோ மார்கழி, தை மாதத்து உறைபனி புல்லைக் கருக்கிவிடும். நெல்வயல் இல்லாத அம்மலைகளுக்கு வைக்கோல் சமவெளியிலிருந்து லாரியில் ஏறவேண்டும். எனவே பனிக்கு முன்னரே வாங்கி வைப்பது அறிவுடைமை.

பங்குனி, சித்திரையில் பச்சைப்புல் அரிதாகும். வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் நன்கு கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, 21 நாள் கழித்து எடுத்து ஆறவிட்டு அளித்தால் அக்குறை ஓரளவு நீங்கும். கன்றுகளுக்கு இதனை இடலாகாது. பிண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலப்புத் தீவனம் உடல் காக்க நாளைக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோவும் வேண்டும்.

கோடையில்தான் பலா பழுக்கிறது. உண்டு மிஞ்சிய பழத்தையும், விருந்தில் எஞ்சிய சோற்றையும் அன்பின் மிகுதியால் பசுவின்முன் கொட்டுகிறோம். அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே தீவனத்தைச் செரிக்கச் செய்கின்றன. மாவும் இனிப்பும் திடீரென மிகுந்தால் அங்கே அமிலம் பெருகும்; மாலையில் உண்ட பசு மறுநாளே மடிவதும் உண்டு. எத்தீவனத்தையும் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுவதே முறை.

தொலைவில் இருக்கும் நாம், அடுத்த முறை ஊரோடு பேசும்போது இதனையும் சொல்லிவைப்போம்.