சப்தமில்லாத ரதம்

மோட்டார் வண்டி வருகிறதென்பதைக் காதாலேயே அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. கடகடவென்ற முழக்கம்; அதைக் கேட்டதும் குதிரைகள் மிரளும், குழந்தைகள் வீட்டுக்குள் ஓடும். அந்தக் காலத்தில், 1906-ஆம் வருஷக் கடைசியில், லண்டன் கண்காட்சியில் ஓர் யந்திரத்தை வைத்தார்கள். ஆறு ஸிலிண்டர்கள், ஏழு லிட்டர் கொள்ளளவு. ஆயினும் பெரிய சத்தம் கிடையாது. பின்னர் 'ஸில்வர் கோஸ்ட்', அதாவது 'வெள்ளிப் பிசாசு' என்று பெயர் பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் வண்டியின் பிறப்பு அதுதான்.

இதைச் சிருஷ்டித்த ஹென்றி ராய்ஸ் பிரபு வம்சத்தவரல்லர். மாவு மில் வைத்து நொடித்துப்போன ஒருவரின் மகன். ஒன்பதாம் வயதில் தகப்பனாரை இழந்து, பத்திரிகை விற்றும் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தும் பிழைத்தவர். பள்ளிக்கூடம் சென்றது ஏறக்குறைய ஒரு வருஷந்தான். உபாத்தியாயனாகிய எனக்கு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது! 1904-ல் மாஞ்செஸ்டர் நகரத்து ஹோட்டல் ஒன்றில், பணமும் செல்வாக்கும் படைத்த சார்லஸ் ரோல்ஸ் என்னும் இளைஞர் இவரைச் சந்தித்தார். ஒருவர் செய்வது, மற்றவர் விற்பது என்று ஏற்பாடாயிற்று.

ஆறு ஸிலிண்டர் யந்திரமென்றால் அந்நாளில் நிபுணர்களுக்கே பயம். காரணம் உண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றும் 'கிராங்க்' தண்டு நீளமாகிவிடும். ஈரத் துணியைப் பிழிவதுபோல் அது ஒவ்வொரு உதைப்புக்கும் சிறிது முறுகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முறுக்கு வளர்ந்து வளர்ந்து தண்டையே ஒடித்துவிடும். ராய்ஸின் முந்தைய யந்திரத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. இம்முறை ஸிலிண்டர்களை மூன்று மூன்றாக இரண்டு கட்டுகளில் வார்த்தார். தண்டைப் பருமனாக்கி, ஏழு இடங்களில் தாங்கிப் பிடித்து, எண்ணெயைப் பம்பு மூலம் அழுத்தத்துடன் பாயும்படி செய்தார். நிமிஷத்துக்கு 1,200 சுற்றுக்குச் சற்று மேலேயே 48 குதிரைச் சக்தி கிடைத்தது. அவசரப்படாத யந்திரம் அலறுவானேன்?

சொன்னால் ஜனங்கள் நம்புவார்களா? கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்ஸன் 1907-ல் பகிரங்கப் பரீட்சைக்கு ஏற்பாடு செய்தார். ஏ.எக்ஸ். 201 என்ற எண்ணுள்ள வண்டிக்கு வெள்ளி நிறம் பூசி, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 15,000 மைல் ஓட்டுவது. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர் கூடவே இருப்பார். யந்திரம் தானாக நின்றுபோனால் கணக்கில் ஏறிவிடும், ஊர் சிரிக்கும். 629-வது மைலில் வண்டி நின்றேவிட்டது! பதறிப்போய்ப் பார்த்தால், சாலைக் குலுக்கலில் பெட்ரோல் குழாயின் திருகு தானே மூடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டார்கள். மிச்சம் 14,371 மைலையும் யந்திரம் நிற்காமலே ஓடி முடித்தது. பிறகு வண்டியை அக்கக்காகக் கழற்றிச் சோதித்ததில், புதுப்பிக்க வேண்டியிருந்த பாகங்களுக்கு ஆன செலவு 2 பவுன், 2 ஷில்லிங், 7 பென்ஸ்.

கம்பெனி விற்றது அடிச்சட்டத்தையும் யந்திரத்தையும் மட்டுமே. மேற்கூட்டைக் கட்டியவர்கள் பார்க்கர், ஹூப்பர் முதலிய சாரட்டுத் தச்சர்கள். 'லிமோஸின்' என்றால் எஜமானருக்குப் பின்னால் மூடிய அறை, பட்டுத் திரை, மெத்தை. சாரதிக்கு முன்னால் பெரும்பாலும் மழையும் காற்றும். நடுவே கண்ணாடித் தடுப்பு. உத்தரவிட ஊதுகுழல் ஒன்று. யந்திரம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும்போது மனிதர்கள் இப்படி இருந்திருக்க வேண்டாம். நம் சமஸ்தானாதிபதிகளும் இந்த வண்டிகளை ஆசை ஆசையாய் வாங்கிக் குவித்தார்கள். கிரயம் யாருடைய வரிப்பணம் என்று அப்போது கேட்டவர் சிலரே.

ரோல்ஸ் 1910-ல் ஆகாய விமான விபத்தில் மாண்டார். ராய்ஸ் நோய்வாய்ப்பட்டும், கடற்கரைக் கிராமத்திலிருந்து படங்கள் வரைந்தனுப்பிக்கொண்டே 1933 வரை வாழ்ந்தார். ஏ.எக்ஸ். 201 1908-லேயே விற்கப்பட்டு, பல்லாண்டு சாதாரணக் குடும்ப வண்டியாய் உழைத்தது. 1948-ல் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.