ஓகே அழுத்தியது யார்?

வைகுண்ட ஏகாதசி விடியலில் கூட்டத்தில் போய் நிற்க முடியாத முதியவர்கள், ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டு டிவி முன் உட்கார்ந்தே பரமபத வாசல் திறப்பைச் சேவிக்கிறார்கள். பல வீடுகளில் அது வெளியூரில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் டிவி. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள அந்த டிவிக்கும் வழி உண்டு.

ஏசிஆர் என்பது அந்த நுட்பம். திரையில் ஓடும் காட்சியிலும் ஒலியிலும் அடுத்தடுத்து மாதிரி எடுத்து, கைரேகை போன்ற ஓர் எண்கோவையாகச் சுருக்கி இணையம் வழியே சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே ஏற்கெனவே சேர்த்துவைத்த கோவைகளோடு பொருத்தினால் எந்த நிகழ்ச்சி, எவ்வளவு நேரம் என்பது தெரிந்துவிடும். விளம்பரக்காரர்களுக்கு அது பெரிய சொத்து.

ஹெச்டிஎம்ஐ வயரில் வருவதும் தப்பாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2024-இல் சாம்சங், எல்ஜி டிவிகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சோதித்தார்கள். மடிக்கணினிக்கு வெறும் திரையாக இருந்தபோதும் ஏசிஆர் வேலை செய்தது. செட்டிங்ஸில் மறுத்ததும் நின்றது. அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் கேட்காமலே இப்படிச் சேகரித்த வழக்கை 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

நம் நாட்டில் டிஆர்பி கணக்கெடுக்கும் பார்க் அமைப்பு, வீட்டாரின் சம்மதத்தோடுதான் மீட்டர் பொருத்துகிறது. எந்த வீடு என்பதும் வெளியே தெரியாது. ஸ்மார்ட் டிவியிலும் சம்மதம் கேட்கப்படுகிறது. ஆனால் தில்லைநகரிலோ உறையூரிலோ டிவி மாட்ட வருபவர், அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஓகே அழுத்திவிட்டு ரிமோட்டைக் கொடுக்கிறார். நீண்ட ஆங்கில நிபந்தனைகளைத் தாத்தாவோ பாட்டியோ பார்த்ததே இல்லை. அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்ற பெயரில் செட்டிங்ஸில் ஏசிஆர் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். அடுத்த முறை ஊருக்கு வரும் பிள்ளைகள் அம்மா அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் தமிழில் படித்துச் சொல்லி, வேண்டுமா என்று அவர்களையே கேளுங்கள்.