பாலர் வளர்ச்சியும் புள்ளிவிபரமும்

ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் பள்ளிக்கு வந்த முதல் மாதத்திலேயே, "இவன் மந்தன்" என்று தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் ஆசிரியராகிய நம்மிடையே உண்டு. கற்றற்குரிய ஆற்றலோ அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் வீட்டிலும் அயலிலும் உருவாவது. அவ்வாண்டுகளின் விளைவை அளந்தறிதல் கூடுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டான் ஒபோர்ட், மக்டலினா யானுஸ் என்போர் 1990களின் பிற்பகுதியில் இதற்கென ஒரு வினாக்கொத்தை அமைத்தனர். ஏறக்குறைய 100 வினாக்கள் கொண்ட இதிற் பிள்ளைக்குப் பரீட்சை இல்லை. சில மாதங்கள் பிள்ளையோடு பழகிய வகுப்பாசிரியர், தாம் கண்டவற்றைக் கொண்டு விடையளிப்பர். உடல்நலம், பிறரோடு பழகுந் திறன், உணர்ச்சி முதிர்ச்சி, மொழியும் சிந்தனையும், கருத்தைப் புலப்படுத்தலும் பொது அறிவும் என்னும் ஐந்து துறைகள் இதில் அடங்கும்.

அவுஸ்திரேலியா 2009ஆம் ஆண்டில் இம்முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. அன்றுதொட்டு மூன்றாண்டுக்கொருமுறை இக்கணக்கு எடுக்கப்படுகின்றது. ஒவ்வொரு துறையிலும் 100க்கு 10 பேர் கடைநிலையில் நின்ற எல்லையை 2009இல் வகுத்து, அதன்கீழ் நிற்போரை வளர்ச்சியிற் பின்தங்கியோர் எனக் கொண்டனர். எல்லை பின்னர் மாற்றப்படாமையால் ஆண்டுகளை ஒப்பிடுதல் எளிது. ஒரு துறையிலேனும் பின்தங்கியோர் 2009இல் நூற்றுக்கு 23.6, 2018இல் 21.7, 2024இல் 23.5. பெற்ற முன்னேற்றம் ஏறக்குறைய முழுவதும் கைநழுவிற்று.

ஆதிக்குடிப் பிள்ளைகளிடையே இத்தொகை 2009இல் 47.4, 2018இல் 41.3, 2021இல் 42.3. ஓரினத்தாரின் பிறவியறிவு ஒன்பதாண்டுகளில் இவ்வாறு மாறுவதன்று. மாறுவது வாழ்க்கைச் சூழலே. ஆதலின், எந்தப் பிள்ளைக்கும் தனிப்புள்ளி வெளியிடாது, பிள்ளைகள் வாழும் ஊரின் நிலையையே வெளியிடுகின்றனர். மொழித்துறை தாழ்ந்த ஊருக்குக் கதை சொல்லும் நூலகம் வேண்டும். உடல்நலம் தாழ்ந்த ஊருக்குத் தாய்சேய் நிலையம் வேண்டும். இவ்வேறுபாட்டை ஒரு பொதுச் சராசரி காட்டமாட்டாது.

இம்முறைக்கும் குறையுண்டு. ஆசிரியரின் கண் பிழைபடலாம். வீட்டிற் பிறமொழி பேசும் பிள்ளையின் மௌனத்தை அறியாமையென அவர் மயங்கவுங் கூடும். எனினும், நூறு வினாக்களுக்கு விடையெழுத முற்படும் ஆசிரியர் அப்பிள்ளையை நூறுமுறை உற்றுநோக்குகின்றார். மந்தன் என்னும் ஒரு சொல்லாற் பிள்ளையைத் தள்ளிவிடுவோர் ஒருமுறையேனும் நோக்கினாரல்லர். பிள்ளை பள்ளிக்கு ஆயத்தமோ என வினவும் நாம், அவனை ஏற்கப் பள்ளியும் ஊரும் ஆயத்தமோ என்றும் வினவுதல் கடனாம்.