நின்னுச்சுடா!

புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறுமல்தான் வந்தது, ஓட்டம் வரவில்லை. கூடவே ஒரு தீய்ந்த வாடை.

"ஏன்டா, வீட்ல அடுப்ப அணைச்சியா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா.

இறங்கிப் பார்த்தால், நாலு சக்கரமும் கொதிக்கிறது. நான் பிரேக்கை விட்டுவிட்டேன்; பிரேக் என்னை விடவில்லை!

சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, ஸ்க்ரூ டிரைவர் முனையில் எதையோ தூக்கிக் காட்டினார். பிரேக் கப். உள்ளங்கையில் நாலு அடங்கும் சின்ன ரப்பர் கிண்ணம்.

"ஊறவச்ச உளுந்தாட்டம் உப்பியிருக்கு சார். பிரேக் டப்பால என்ன ஊத்துனீங்க?"

"ஆயில்தான்..."

"எந்த ஆயிலு?"

"என்ஜின் ஆயில். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு..."

இன்க்ரிமென்ட் கேட்டபோது மேனேஜர் என்னைப் பார்த்தாரே, அதே பார்வை!

வண்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் பிறந்த கார். 1961 முதல் நம்ம சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட்... அந்தக் காலத்தில் நம் ஊரில் கார் என்றால் இந்த மூன்றும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்ட் நின்றது. பிற்பாடு கம்பெனியும் மூடியாயிற்று. 2014-ல் அம்பாசடரும் விடைபெற்றுவிட்டது.

அப்பாவின் ஹெரால்ட், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் பதினைந்து வருஷம் தூங்கியது. "ஒரே ஒரு தடவை இதுலயே சிதம்பரம் போயிட்டு வந்துடணும்டா" என்று அவர் சொன்னதில்தான் வினை ஆரம்பம்.

தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம். என்ஜினை லேத்தில் கொடுத்துத் தேற்றலாம். ரப்பர்? அதற்கு ஓடினாலும் வயசாகும், ஓடாமல் நின்றாலும் வயசாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் அதைச் சும்மா விடுவதில்லை. கண்ணாடி பீடிங்கைத் தொட்டேன், முறுக்கு மாதிரி உடைந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்காரும் புஷ், ஆயில் குடித்துக் களியாகிக் கிடந்தது.

புஷ்ஷை எடுத்துக்கொண்டு ரப்பர் சாமான் வார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணே, இதே மாதிரி ரெண்டு வேணும்."

"இதே மாதிரின்னா சப்பையாத்தான் வரும். அம்பது வருஷம் நசுங்குன சாமான் தம்பி இது. இது உக்கார்ற இரும்பக் கொண்டா, அத அளக்கணும்!"

முதல் பாடம். பழைய ரப்பர் பொய் சொல்லும், இரும்பு சொல்லாது.

லேத் பட்டறையில் இரும்பு டை கடைந்தார்கள், வேண்டிய அளவைவிடத் துளி பெரிதாக. வெந்து ஆறியதும் ரப்பர் நூற்றுக்கு இரண்டு பங்குபோல் சுருங்குமாம். ரப்பர் ஷீட்டோடு கரித்தூள், துத்தநாக ஆக்ஸைடு, கந்தகம் எல்லாம் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு நடுவே பரோட்டா மாவாகப் பிசைந்தார் அண்ணன். டையில் வைத்து அழுத்தி, 150 டிகிரி சூட்டில் வேகவைத்தார். கந்தகமும் சூடும் சேர்ந்தால்தான் ரப்பர் உறுதியாகும் என்று அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்த அதே சமையல்தான்!

இரண்டாவது பாடம்: எல்லாக் கறுப்பும் ஒரே ரப்பர் இல்லை. அதிர்வு தாங்க இயற்கை ரப்பர். வெயிலில் காயும் கண்ணாடி பீடிங்குக்கு ஈ.பி.டி.எம். ஆயில் படுகிற சீலுக்கு நைட்ரைல். மாற்றிப் போட்டால், பார்க்க அச்சு அசலாக இருக்கும். கொஞ்ச நாளில் காலை வாரிவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு கலக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாற்றிவிடுவது நல்லது.

இத்தனையும் கேட்டுக்கொண்ட பிறகும் என்ஜின் ஆயில் ஊற்றினேன் பாருங்கள், அதுதான் நான்! பிரேக் ஆயில் என்பது பெயரில் மட்டும்தான் ஆயில். அது கிளைக்கால் வகைத் திரவம். அதற்கேற்ற ரப்பரில் செய்த கப், என்ஜின் ஆயிலைக் குடித்தால் உப்பிவிடும். உப்பியது சிலிண்டரை விட்டு நகராது. பிரேக்கும் பிடித்த பிடியை விடாது.

உப்பிய கப்போடு பட்டறைக்கு ஓடினேன். "இதையும் ஒண்ணு வார்த்துக் குடுங்கண்ணே!"

அண்ணன் கையில்கூட வாங்கவில்லை. "கதவு பீடிங் தப்பாப் போனா மழைத்தண்ணி உள்ள வரும் தம்பி. பிரேக் கப் தப்பாப் போனா நீ வெளிய போயிடுவ. முத்திரை போட்ட கம்பெனி கிட் வாங்கிப் போடு."

சிலிண்டர் அளவை எடுத்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோடில் கடை கடையாக ஏறி, பொருந்தும் கிட்டை வாங்கி வந்தேன். கப் மட்டும் மாற்றினால் போதாதாம். ஆயில் தொட்ட அத்தனை ரப்பரும், ஹோஸ் உட்பட, குப்பைக்குப் போனது. குழாய்களைக் கழுவி, புது பிரேக் திரவம் ஊற்றினோம். என் சிக்கனத்தால் மிச்சமானது கால் லிட்டர் ஆயில். செலவானது ஒரு மாதச் சம்பளம்!

மறுபடி கிளம்பினோம். புதுச்சத்திரம் வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வாடை இல்லை. பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கி, சிதம்பரம் கீழ வீதிக்குள் நுழைந்தோம்.

திடீரென்று குறுக்கே ஒரு சைக்கிள்! மிதித்தேன். ஒரு முனகல் இல்லாமல், ஒரு பக்கமும் இழுக்காமல், ஹெரால்ட் அப்படியே நின்றது.

"நின்னுச்சுடா!" என்று கைதட்டினார் அப்பா.

பழைய கார் ஓடினால் ஊரே கைதட்டும். நின்றதற்குக் கைதட்டியவர் அவர் ஒருத்தர்தான்.