பூவும் பூச்சியும் செய்த ஒப்பந்தம்

ஒப்பந்தங்களைப் பற்றிய என் பொருளியல் வகுப்புகளில் வட அமெரிக்காவின் யூக்கா அந்துப்பூச்சியை நான் உதாரணம் காட்டுவதுண்டு. யூக்கா மலருக்குள் பகலில் தங்கியிருக்கும் சிறிய வெண்ணிறப் பூச்சி இது. தலைக்கு அடியில் மகரந்த உருண்டையைச் சுமந்திருந்தால், அது பெண்பூச்சி என அறியலாம். இந்த உறவை 1872இல் விளக்கியவர் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலி.

பெண்பூச்சி மலரின் சூலகத்தில் முட்டையிட்டு, சூல்முடியில் மகரந்தத்தை வைக்கிறது. புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியை மட்டும் தின்று, மண்ணுக்குள் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பூக்கும் பருவத்தில் பூச்சிகளாக வெளிவருகின்றன. எஞ்சிய விதைகள் செடிக்கு. முட்டைகள் மிகுந்த மலரைச் செடி பெரும்பாலும் உதிர்த்துவிடுகிறது, புழுக்களும் மடிகின்றன. பேராசைக்கு அதுவே அபராதம்.

இப்பூச்சி இல்லாத நாடுகளில் நடப்பட்ட யூக்காக்கள் பூக்கின்றன, பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஒரு சிறு பூச்சியின் இழப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு வேறு கணக்கு வேண்டுமா?